எலுமிச்சைக்கு மேலே நின்ற கார்

போன வாரம் ஒர்க்‌ஷாப் பக்கம் வந்திருந்தேன். வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆனாலும் காலுக்கு அது தெரியவில்லை, வேறு எங்கே போகும்? அங்கே என்னிடம் தொழில் பழகிய நீங்கள் மூன்று பேர் ஒரு பழைய காரின் கீழே படுத்துக்கொண்டு, அந்தக் காருக்கு ஸ்பிரிங் பட்டை செய்து கொடுத்தவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தீர்கள். காரை இரண்டு விரல் உயரம் இறக்கிக் கட்டினோம், இறக்கியதிலிருந்து சத்தம் வருகிறது, ஆகவே பட்டைதான் குற்றவாளி என்பது உங்கள் தீர்ப்பு. யார் அதிகமாகத் திட்டியது என்று இங்கே எழுத மாட்டேன். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து டீ வாங்கிக் கொடுத்தீர்கள், அதற்காக விட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்தத் திட்டு எனக்குப் புதிதில்லை. ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அதே இடத்தில், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் ஒருவன் திட்டினான். அவன் நான்தான். டீயைக் குடித்துக்கொண்டே போன வாரமே சொல்லியிருப்பேன், ஆனால் உங்கள் கஸ்டமர் நின்றுகொண்டிருந்தார். அதனால் எழுதி அனுப்புகிறேன். ஸ்பேனர் பிடிக்க நீங்கள் என்னைவிட நன்றாகக் கற்றிருக்கிறீர்கள், அதைப் பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை.

நான் தொழிலுக்கு வந்த நாளில் காரை உயர்த்திக் கட்டச் சொல்லித்தான் வருவார்கள். கிராமத்து மண் சாலையில் அடி தட்டாமல் போக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. இப்போது சாலை எல்லாம் தார் ஆகிவிட்டது, ஆசையும் மாறிவிட்டது. போனில் எதையாவது பார்த்துவிட்டு, தரையோடு தரையாகப் போக வேண்டும் என்று வருகிறார்கள். சாலை நன்றாகிவிட்டது என்று நம்பி இறக்குகிறார்கள், வேகத்தடையை மறந்துவிடுகிறார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இது. கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி, வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடியேறியிருந்தார். சார் என்றே சொல்கிறேன். காலமெல்லாம் கோப்பு பார்த்த மனிதருக்குப் பார்க்க ஒன்றுமில்லாமல் போய், சென்னையிலிருந்து ஒரு பழைய கார் வாங்கி வந்தார். உருண்டை விளக்கு, பாலேடு நிறம், சோபா மாதிரி சீட்டு. அழகான வண்டி என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

"பாய், பின்னாடி ரெண்டு வெரல் எறக்கணும், முன்னாடியும் அதுக்குத் தக்கன எறக்கிடுங்க. ஜாஸ்தி வேணாம், கம்மியும் வேணாம்" என்றார்.

"எறக்கிடலாம் சார். ஆனா கிரிவலப் பாதை வேகத்தடையில கொஞ்சம் பாத்துப் போவணும்."

"நான் ஆபீஸ்லயே முப்பத்தஞ்சு வருஷம் மெதுவாதான் போனேன் பாய்" என்று அவரே தன்னைக் கேலி செய்துகொண்டார். எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

உங்கள் வீட்டு ஆட்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். பட்டை என்றால் பின் சக்கர அச்சின் மேல் வில் போல வளைந்து நிற்கும் இரும்புத் தகடுகளின் அடுக்கு. வண்டியின் பின்பாரம் அதன் மேல்தான் உட்காருகிறது. வளைவைக் குறைத்தால் வண்டி இறங்கும். அந்த வளைவை நெருப்பில் காய்ச்சி, தட்டி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கொண்டுவருவதற்குத் தனிக் கை வேண்டும்.

நம் ஊரில் அந்தக் கை செங்கம் ரோட்டில் இருந்தது. பட்டைக்காரம்மா என்போம். வேர்க்கடலை விவசாயம் பார்த்த குடும்பத்துப் பெண். வீட்டுக்காரர் லாரிப் பட்டை வேலை செய்தவர். அவருக்கு இடுப்பு பழுதாகி உட்கார்ந்துவிட்ட பிறகு, அந்த அம்மா சம்மட்டியைக் கையில் எடுத்தார். வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்து பழுக்கிற இரும்பின் நிறத்தைப் பார்த்து "போதும்" என்பார், அந்த அம்மா தட்டுவார். முதலில் லாரிக்காரர்கள் சிரித்தார்கள். இரண்டு வருஷத்தில் அதே ஆட்கள் வரிசையில் நின்றார்கள். சார் வண்டியின் பட்டையையும் அங்கேதான் கொடுத்தேன். சொன்ன நாளில் சொன்னபடி வந்தது.

சாருடைய மனைவிக்குக் காலண்டர் தாள்தான் மேலதிகாரி. புது வண்டி மாதிரிதானே, நல்ல நேரத்தில்தான் சக்கரம் தரையைத் தொட வேண்டும் என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் நான்கு சக்கரமும் நான்கு எலுமிச்சம்பழத்தின் மேல் இறங்கி, பூசணி உடைத்து, வண்டி வாசலைத் தாண்ட வேண்டும். எனக்கென்ன, எந்த நேரமும் நல்ல நேரம்தான். சரி அம்மா என்றேன்.

முந்தின நாளே முடித்திருக்க வேண்டிய வேலை. ஆனால் பௌர்ணமிக்கு வந்த ஒரு வேன் கூட்டத்தின் நடுவில் நின்றுபோய், என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். பௌர்ணமியன்று நம் ஊரில் ஒரு இடத்துக்குப் போனால் திரும்புவது நம் கையில் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில்தான் பட்டையை ஏற்ற ஆரம்பித்தேன். வண்டி ஒர்க்‌ஷாப் முற்றத்தில் கிழக்குப் பார்த்து, நான்கு ஸ்டாண்டு மேல், சக்கரங்கள் காற்றில் தொங்க நின்றது. மணி ஒன்பதரைக்கே சாரும் அவர் மனைவியும் மாலை, சந்தனம், குங்குமம், பழம், பூசணியோடு வந்துவிட்டார்கள். நான் கீழே படுத்து வேலை செய்கிறேன், என் தலைக்கு மேலே ஊதுவத்தி வாசனை. "பாய், மணி பத்து", "பாய், பத்து அஞ்சு" என்று சார் ஆபீஸ் பழக்கத்தில் நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒருவழியாகப் பட்டையெல்லாம் மாட்டிவிட்டு வெளியே வந்தேன். கையைக் கழுவியதும் சாருடைய மனைவி சொன்னார்: "பாய், நீங்களும் போட்டோல நிக்கணும். இந்தச் சட்டையோட வேணாம்."

மதியம் ஜும்மா தொழுகைக்குப் போட எடுத்து வந்திருந்த வெள்ளைச் சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று காலையில்தான் கஞ்சி போட்டுத் தேய்த்தது. போட்டுக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். அப்புறம் போட்டோ, கற்பூரம், சட்டையில் படாமல் எட்டி நின்று நான் ஜாக்கியை இறக்கிய வேடிக்கை, நசுங்கிய எலுமிச்சை, உடைந்த பூசணி. பத்தரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கார் வாசலைத் தாண்டியது. எல்லாரும் கை தட்டினோம். நான் அதே சட்டையோடு தொழுகைக்குப் போனேன்.

திங்கட்கிழமை சார் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவருடைய சத்தம் வந்தது. கீச், கீச் என்று தெரு முனையிலேயே கேட்டது.

"பாய், இன்னா பண்ணீங்க? வலது பக்கம் ஒரு வெரல் தூக்கிக்கினு நிக்குது. வேகத்தடை ஏறினா முதுகெலும்பு எத்தனைனு எண்ணிடலாம். அடி அண்ணாமலையில எளநீ விக்கறவரு என்னைப் பாக்காமலே 'சார் வராரு'ங்கறாரு."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. இடது பக்கம் கேட்டபடி இரண்டு விரல் இறங்கியிருந்தது, வலது பக்கம் ஒரே விரல்தான். முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்டு ஒழுங்காக நின்றது. தொல்லை பின்னால்தான்.

அப்புறம் நான் செய்ததெல்லாம் நீங்கள் செய்கிறதேதான். டயர் காற்றைப் பார்த்தேன். ஷாக் அப்சர்பரை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். அலைன்மென்ட் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் சார் அடி அண்ணாமலை வரை போய்விட்டு, அதே கீச்சோடு திரும்பி வந்தார். கோபப்படவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான்காம் நாள் அவர் கேட்டார், "அப்போ எதுலதான் பாய் கோளாறு?"

பதில் தெரியாத மெக்கானிக்கைக் கஸ்டமர் நேராகப் பார்த்துக் கேட்கும் அந்த நொடி இருக்கிறதே, அதில்தான் நாம் யார் என்று தெரிகிறது. "தெரியல சார், இன்னும் பாக்கணும்" என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது:

"பட்டைக்காரம்மா சரியா வளைக்கல சார். வலது பக்கம் வளைவு ஜாஸ்தி வெச்சிட்டாங்க."

சொன்னதும் நெஞ்சு லேசாகிவிட்டது. பழியை இறக்கி வைத்தால் அப்படித்தான் இருக்கும். அது வேறு ஒருவர் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பது அப்போது நினைவுக்கு வராது. அன்று மாலையே போன் போட்டு, "இன்னொரு ஜோடி பண்ணிக் குடும்மா, இது சரியில்ல" என்று பட்டைக்காரம்மாவிடமும் சொன்னேன். கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

"கழட்டாதீங்க பாய். நான் நேர்ல வரேன்" என்றார்.

மறுநாள் காலை அவர் வரும்போது சாரும் சாருடைய மனைவியும் காரோடு அங்கே இருந்தார்கள். பட்டைக்காரம்மா கையில் ஒரு வளைந்த கம்பி இருந்தது. வணக்கம் சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"பாய், கீழ்பென்னாத்தூர்ல இவங்க தம்பி ஸ்கூல் வேன் ஓட்றாரு இல்ல, பதினோரு வண்டி, அந்தப் பட்டை வேலை மொத்தமும் எனக்குத் தரேன்னு சொல்லியிருந்தாரு. நேத்து ராத்திரி போன் பண்றாரு. 'பாயே உங்க பட்டை சரியில்லங்கறாராமே, நான் யோசிக்கணும்'ங்கறாரு. இன்னிக்கு பத்து மணிக்கு இங்க வந்து வண்டியைப் பாத்துட்டுதான் முடிவு சொல்வாராம்."

எனக்கு அந்த விஷயம் தெரியாது. சாருடைய மைத்துனருக்கு வேன் இருப்பது தெரியும், அந்த வேலை இவருக்குப் போகிறது என்பது தெரியாது. வெளியூர் கம்பெனி வேலைக்குப் போய்விட்ட தன் பழைய ஆட்கள் இரண்டு பேரை அந்த அம்மா இந்த வேன்களை நம்பித் திரும்ப வரச் சொல்லியிருந்தார். என் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியம் வேங்கிக்காலில் ஏறி, கீழ்பென்னாத்தூரில் இறங்கி, இவர் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து நிற்கிறது. அதையெல்லாம் கேட்டும் நான் விடவில்லை.

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது? வண்டி சாஞ்சி நிக்குது, கண்ணுக்குத் தெரியுது."

அந்த அம்மா சண்டை போடவில்லை. காரைக் குழிக்கு மேல் நிறுத்தச் சொன்னார். குழியில் இறங்கி, கையில் இருந்த கம்பியை இடது பட்டையில் வைத்தார். அச்சாகப் பொருந்தியது. வலது பட்டையில் வைத்தார். நடுவில் விரல் நுழையும் இடைவெளி.

"இந்தக் கம்பி வெச்சிதான் ரெண்டையும் அடிச்சேன். குடுக்கும்போது பாரம் வெச்சிப் பாத்தேன், ரெண்டும் இதுக்குப் பொருந்திச்சி. என் வீட்டுக்காரரு சாட்சி. கீழ இருக்கும்போது ஒன்னா இருந்தது, உங்க வண்டில ஏறினதும் எப்படி வேறயாச்சி பாய்?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

"கண் போல்ட்டை எப்போ முறுக்கினீங்க?"

பட்டையின் இரண்டு முனையிலும் கண் போல ஓட்டை இருக்கும், அதற்குள் ரப்பர் புஷ், அதன் நடுவே போல்ட். உங்களுக்குத் தெரிந்ததுதான். வண்டி தரையில் நின்று தன் எடையைப் பட்டை மேல் வைத்த பிறகுதான் அந்தப் போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முறுக்கிவிட்டால், ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் வண்டி இறங்கும்போது பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டு, வண்டியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வண்டி முழுக்க இறங்காது, குதிக்கும், கத்தும். இறக்கிக் கட்டிய வண்டியில் இது இன்னும் ஜாஸ்தி.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "இன்னாம்மா கேள்வி இது? முப்பது வருஷமா நான் எறக்கி வெச்சிட்டுதான் முறுக்கறேன். என்னைப் போய்க் கேக்கறியா?"

நான் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். சத்தியமாக அப்படித்தான் செய்தேன் என்று நினைத்தேன். கீழே படுத்து அந்தக் கடைசி முறுக்கு கொடுத்தது கண்ணுக்குள் தெரிந்தது. ஆயிரம் வண்டிக்குக் கொடுத்த முறுக்கு, ஆயிரத்தோராவது வண்டிக்கும் கொடுத்ததாகத் தெரியாமல் என்ன செய்யும்?

பட்டைக்காரம்மா மேலே ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். சாருடைய மனைவி பாவம், இந்தச் சூடு எப்படியாவது தணியட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, போனை எடுத்து அந்த அம்மாவிடம் வெள்ளிக்கிழமை போட்டோக்களைக் காட்ட ஆரம்பித்தார். "பாரும்மா, மாலை எப்படி இருக்கு? பாய் எவ்ளோ அழகா நிக்கறாரு பாரு." அந்த அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு போட்டோவில் நின்றார். இரண்டு விரலால் பெரிதாக்கினார். அடுத்ததைப் பார்த்தார், திரும்ப முந்தினதுக்கு வந்தார்.

"இந்தப் போனைக் கொஞ்சம் குடுக்கறீங்களாம்மா?" என்று வாங்கிக்கொண்டு, என்னைத் தனியாக டீக்கடைப் பக்கம் கூப்பிட்டார்.

போட்டோவில் நான் நிற்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி, ஒரு பொட்டு கறை இல்லாத வெள்ளைச் சட்டையில். எனக்குப் பின்னால் கார். நான்கு எலுமிச்சம்பழம். அந்தப் பழத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண் காற்று. இடது பக்க அச்சுக்கு நான் முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டைகூடத் தெரிகிறது. வலது பக்கம் முட்டே இல்லாமல் முழுக்கத் தொங்குகிறது.

அடுத்த போட்டோவில் சக்கரம் பழத்தை நசுக்கியிருக்கிறது, நான் அதே வெள்ளைச் சட்டையில். அதற்கடுத்ததில் கார் வாசலைத் தாண்டுகிறது, நான் கை தட்டுகிறேன், சட்டை அதே வெள்ளை.

"எறக்கினப்பறம் நீங்க கீழ படுத்தீங்கன்னா, அந்தச் சட்டை எப்படி பாய் இப்படி இருக்கும்?"

இடது பக்கம் ஏன் சரியாக இறங்கியது, வலது பக்கம் ஏன் தூக்கிக்கொண்டது என்பதற்குக்கூட அந்த மரக்கட்டை பதில் சொல்லிவிட்டது. முட்டு இருந்த பக்கம் புஷ் அதிகம் முறுக்கிக்கொள்ளவில்லை, தொங்கிய பக்கம் முறுக்கிக்கொண்டது. இறக்கிய பிறகு கடைசி முறுக்கு கொடுக்கலாம் என்று நினைத்திருப்பேன். சட்டையைப் போட்ட பிறகு அந்த நினைப்பு எங்கே போயிற்றோ!

"அவங்ககிட்ட நீயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன்.

"நான் சொன்னா, இவ தன் பட்டையைக் காப்பாத்தப் பேசறானு சொல்வாங்க. சரியில்லைனு சொன்னது நீங்க. சரியா இருக்குனும் நீங்கதான் சொல்லணும்." போனை என் கையில் கொடுத்துவிட்டு, டீ சொல்லப் போய்விட்டார். மணி பத்துக்குக் கால் மணி நேரம் இருந்தது.

தம்பிகளா, அந்தக் கால் மணி நேரத்தில் என் மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாலு நாளாக வேலை செய்யாத மூளை! போல்ட்டைச் சத்தம் போடாமல் தளர்த்தி, திரும்ப முறுக்கிவிட்டு, "பட்டை இப்போ செட் ஆயிடுச்சி சார்" என்று சொல்லிவிட்டால் போதும். நம் தொழிலில் "செட் ஆயிடும்" என்பதைப் போல ஒளிந்துகொள்ள வசதியான வார்த்தை வேறு இல்லை. அந்த அம்மாவுக்கும் வேலை கிடைத்துவிடும், என் பேரும் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் கணக்கு உதைத்தது. பட்டை செட் ஆனது என்றால் முதலில் செட் ஆகாமல் இருந்தது என்றுதானே பொருள்? வேன்காரர் காதில் அது "பாய் சொன்னது சரிதான்" என்றுதான் விழும். அந்த அம்மா பேரில் நான் வைத்த கறையில் பாதி அப்படியே இருக்கும். வெட்கமாக இருந்தது. ஐம்பத்தெட்டு வயதில் அடுத்தவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றேன்.

மைத்துனர் பைக்கில் வந்து இறங்கினார். கறாரான ஆள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகிறவர் அப்படித்தான் இருக்க வேண்டும். அவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டேன். தள்ளிப் போட்டால் வாய் மாற்றிப் பேசிவிடும் என்று பயம்.

"சார், எல்லாரும் கேளுங்க. பட்டையில ஒரு தப்பும் இல்ல. தப்பு பண்ணது நான். வண்டி தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிட்டேன். எறக்கினப்பறம் முறுக்கியிருக்கணும். அதைச் செய்யாம சட்டையை மாத்திக்கினு போட்டோவுக்கு நின்னேன். அப்பறம் இந்தம்மா மேல பழியைப் போட்டேன்."

சாருடைய மனைவி முகம்தான் முதலில் வாடியது.

"அப்போ நான் நேரம் பாத்ததாலதான் இப்படி ஆயிடிச்சா பாய்?"

"இல்லம்மா. நேரம் நல்ல நேரம்தான். அந்த நேரத்துல நான் செஞ்ச வேலைதான் நல்லா இல்ல."

"சொல்றது இருக்கட்டும் பாய்" என்றார் வேன்காரர். "காட்டுங்க."

நல்லவேளை, அன்று காக்கிச் சட்டை. குழியில் இறங்கினேன். வலது பக்கக் கண் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து ஒரு சுற்று தளர்த்தினேன். இரண்டாவது சுற்று வருவதற்குள் "டொப்" என்று ஒரு சத்தம், கார் என் தலைக்கு மேலே பெருமூச்சு விட்டது மாதிரி இறங்கியது. மேலே சார் "ஆஆ" என்று கத்தியது கேட்டது. ஒரு வாரமாகத் தூக்கிக்கொண்டு நின்ற வலது பக்கம், இடது பக்கத்துக்குச் சமமாக வந்து நின்றுவிட்டது. பட்டைக்காரம்மா குழி ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் கம்பியை என்னிடம் நீட்டினார். வாங்கி வலது பட்டையில் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

"இப்போ எல்லாரும் வண்டில ஏறுங்க. ஆள் உக்காந்திருக்கும்போதே முறுக்கறேன்" என்றேன்.

சார் ஸ்டியரிங்கில், மைத்துனர் பக்கத்தில், அம்மா பின்னால். "நீயும் ஏறும்மா" என்று பட்டைக்காரம்மாவைச் சாருடைய மனைவி கூப்பிட்டார். அந்த அம்மா புடவையில் கரி இருக்கிறது என்று தயங்கினார்.

"இத்தினி வருஷமா பட்டை அடிக்கறேன், ஒரு தடவைகூட அது மேல உக்காந்து போனதில்லம்மா."

"அப்போ இன்னிக்கு உக்காரு" என்று கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார். நான்கு பேர் எடையில் கார் நிற்க, நான் கீழே நின்று எல்லாக் கண் போல்ட்டையும் முறுக்கினேன். முன்பே முறுக்குண்டு கிழிந்திருந்த வலது பக்கப் புஷ் ஒன்றை அடுத்த நாள் புதிதாக மாற்றினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் உங்களில் ஒருவர் அதைக் கண்டுபிடித்து எனக்குப் போன் செய்வீர்கள்.

அப்படியே கிரிவலப் பாதையில் புறப்பட்டோம். முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர், நான் கதவோரம் ஒடுங்கி. மலை வலது பக்கம் விட்டு விட்டுத் தெரிந்தது. அடி அண்ணாமலை தாண்டி அந்தப் பெரிய வேகத்தடை. சார் பழக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டார். வண்டி ஏறியது, இறங்கியது, சத்தமே இல்லை. இளநீர்க்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார், திரும்பவே இல்லை. சார் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்து, "யோவ், நான்தான்யா" என்று கூப்பிட வேண்டியிருந்தது. எல்லாரும் சிரித்தோம். பட்டைக்காரம்மா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சீட்டில் சாய்ந்திருந்தார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். தன் பட்டை வேலை செய்வதை உடம்பால் கேட்டுக்கொண்டிருந்தார் என்று அப்புறம்தான் புரிந்தது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்தது, அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது "இதைச் செஞ்சீங்களா?" என்று கேட்டால், "எப்பவும் செய்வேன்" என்று பதில் சொல்வதில்லை. அன்றைக்கு அந்த வண்டிக்குச் செய்தேனா என்று நினைத்துப் பார்ப்பேன். நினைவு வரவில்லை என்றால் எழுந்து போய்ப் பார்ப்பேன். பழக்கம் நல்ல வேலைக்காரன், ஆனால் சாட்சிக்கு உதவாது.

ஒர்க்‌ஷாப் திரும்பியதும் வேன்காரர் பட்டைக்காரம்மாவிடம், "நாளைக்கே மொதல் வண்டி அனுப்பறேன்" என்றார். அந்த அம்மா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அப்புறம் வேன்காரர் என்னைப் பார்த்தார். பட்டையை அடிப்பது ஒருவர் என்றால் மாட்டுவது இன்னொருவர். பதினோரு வேனுக்கும் மாட்டுகிற வேலையை என்னிடம் தரலாம் என்று சார் முன்பே அவரிடம் சொல்லி வைத்திருந்தாராம். அது இனி நடக்காது என்று எனக்குத் தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் தர மாட்டேன்.

"மாட்டற வேலைக்கு வேற ஆள் பாத்துக்கலாம்மா" என்று அந்த அம்மாவிடமே சொன்னார். என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்.

"இல்லங்க. என் பட்டையை இவருதான் மாட்டணும்."

"தப்பு பண்ணவரே இவருதானே?"

"தப்பு பண்ணாத மெக்கானிக்கை நான் பாத்ததே இல்லங்க. என் பேரைக் கெடுத்தவங்களும் நெறைய பேரு. கெடுத்துட்டு, நாலு பேரு முன்னாடி நின்னு அதைத் திருப்பிக் குடுத்தவரு இவரு ஒருத்தருதான். இவரு கையில இருந்தா என் பேருக்குப் பயமில்ல."

வேன்காரர் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். "சரி, உங்க இஷ்டம்" என்றார். பட்டைக்காரம்மா கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பினார். வாசல் வரை போனவர் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஆனா ஒன்னு. வேன் வேலை முடியற வரைக்கும் அந்த வெள்ளச் சட்டை மட்டும் வேணாம் பாய்."

சட்டை இன்னும் இருக்கிறது. பெருநாளைக்கு மட்டும் போடுகிறேன். அந்தப் போட்டோவை ஒர்க்‌ஷாப்பில் குழிக்கு மேலே மாட்டியிருக்கிறேன், நீங்கள் தினமும் பார்ப்பதுதான். கிழவனுக்கு வயதான காலத்தில் என்ன அழகு பார்க்கும் ஆசை என்று இதுவரை நினைத்திருந்தால், இனிமேல் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருக்கும் எலுமிச்சம்பழத்தைப் பாருங்கள். அதைப் பார்த்துவிட்டு, போன வாரம் நீங்கள் திட்டிய அந்தப் பட்டைக்காரருக்குப் போன் போடுவதற்கு முன்னால், ஒரு தடவை குழியில் இறங்கிவிட்டு வாருங்கள்.